ஓலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனை எடுங்கள்

பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி இது: "எதற்கெடுத்தாலும் போனில் தேடியே பழகிவிட்டோம். சொந்தமாக யோசிக்கும் திறன் குறைந்துவிடுமா? தோட்டம் பார்க்கும் அப்பா, திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போகும் நான், பிளஸ் டூ படிக்கும் தம்பி, மூன்று பேரும் இப்படித்தான் இருக்கிறோம். போனை விடவும் முடியாது. என்ன செய்யலாம்?"

போனை விட வேண்டியதில்லை. தேடும் நேரத்தைக் குறைக்கப் பாடுபடுவதைவிட, தேடுவதற்கு முன்னால் என்ன செய்கிறீர்கள் என்பதை மாற்றினால் பெரும்பகுதிக் கோளாறு தீரும். "மூளையே மழுங்கிப் போச்சு" என்று ஒரு பக்கம் கூச்சல், "உலகமே கைக்குள்ள வந்திருச்சு" என்று இன்னொரு பக்கம் பெருமை. ஆராய்ச்சிகள் சொல்வது இந்த இரண்டையும்விட அடக்கமானது, ஆனால் வீட்டில் பயன்படுத்திக்கொள்ளத் தோதானது.

நினைவாற்றலில் தொடங்குவோம். 2011இல் பெட்சி ஸ்பாரோ, ஜென்னி லியூ, டேனியல் வெக்னர் மூவரும் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு சோதனை: சின்னச் சின்னப் பொது அறிவுத் தகவல்களைக் கணினியில் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். பாதிப் பேரிடம் அது சேமிக்கப்படும் என்றும், மீதிப் பேரிடம் அழிந்துவிடும் என்றும் சொன்னார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களுக்கே தகவல் அதிகம் நினைவில் நின்றது. இன்னொரு சோதனையில், தகவலைவிட அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்பது மக்களுக்கு நன்றாக நினைவிருந்தது. இணையத்தில் பரவியதெல்லாம் இந்த முடிவுதான். அதே கட்டுரையின் முதல் சோதனையை (மேலே சொன்ன இரண்டும் அல்ல, வேறொன்று) 2018இல் வேறொரு குழு மறுபடி செய்து பார்த்தபோது அதன் முடிவு கிடைக்கவில்லை என்பது அவ்வளவாகப் பரவவில்லை. ஆகவே இதை வைத்து மட்டும் பெரிய தீர்ப்பு எதுவும் எழுத முடியாது.

அதோடு, நினைவை வெளியே வைப்பது நமக்குப் புதிதும் அல்ல. கொங்கு நாட்டில் மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? எந்தக் கல்யாணத்தில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. தேவைப்படும்போது பீரோவிலிருந்து நோட்டை எடுக்கிறோம். எந்தச் சொந்தத்துக்கு என்ன சீர் செய்தோம் என்பது அம்மாவிடம் இருக்கும், போர்வெல் எத்தனை அடியில் தண்ணீர் பார்த்தது என்பது அப்பாவிடம் இருக்கும். ஒரு குடும்பம் இப்படி நினைவைப் பங்கு போட்டுக்கொள்வதைத்தான் வெக்னர் 1980களிலேயே ஆராயத் தொடங்கினார். இதில் லாபமும் உண்டு. ஒரு கோப்பைச் சேமித்து வைத்துவிட்டு அடுத்ததைப் படித்தவர்களுக்கு, அந்த அடுத்தது இன்னும் நன்றாக மனதில் பதிந்தது என்று ஸ்டார்ம், ஸ்டோன் இருவரும் 2015இல் காட்டினார்கள். பழைய சுமையை இறக்கி வைத்தால் புதியதற்கு இடம் கிடைக்கிறது.

அப்படியானால் மொய் நோட்டுக்கும் போனுக்கும் என்ன வித்தியாசம்? நோட்டில் இருப்பது நோட்டில்தான் இருக்கிறது, நம் தலையில் இல்லை என்பது நமக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். போன் விஷயத்தில் அந்த வரப்பு அழிந்துபோகிறது. ஃபிஷர், கோடு, கைல் மூவரும் 2015இல் செய்த சோதனைகளில், சிலரை 'ஜிப் எப்படி வேலை செய்கிறது' மாதிரியான கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடச் சொன்னார்கள். வேறு சிலரைத் தேட விடவில்லை. பிறகு இரு தரப்பிடமும் சம்பந்தமே இல்லாத வேறு கேள்விகளைக் காட்டி, "இதை உங்களால் எவ்வளவு நன்றாக விளக்க முடியும்?" என்று கேட்டார்கள். தேடியவர்கள் தங்களுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். தேடி ஒன்றுமே கிடைக்காதவர்களிடமும் இந்த மிதப்பு இருந்தது. தகவல் சேர்ந்ததால் வந்த தன்னம்பிக்கை அல்ல இது. தேடிய செயலே 'எனக்குத் தெரியும்' என்ற உணர்வைக் கொடுத்துவிடுகிறது. மறதியைவிட இதுதான் ஆபத்து, ஏனென்றால் தெரியாது என்று தெரிந்தவன் நாலு பேரிடம் கேட்பான்.

இன்னொன்று, இது பழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. 2017இல் வந்த ஓர் ஆய்வில் (மேலே சொன்ன ஸ்டார்ம், ஸ்டோன் இருவருடன் பெஞ்சமின் என்பவர்) கடினமான கேள்விகளுக்குக் கூகுளைப் பயன்படுத்தியவர்கள், அடுத்து வந்த சுலபமான கேள்விகளுக்கும் அதையே நாடினார்கள். அவர்களில் 30 சதவீதம் பேர் ஒரு சுலபமான கேள்வியைக்கூடத் தன் தலையிலிருந்து சொல்ல முயலவில்லை. விடை தெரியாமல் இல்லை, கை முந்திக்கொள்கிறது.

இனி அப்பாவின் தோப்புக்கு வருவோம். பொள்ளாச்சிப் பக்கத்து மருந்துக் கடைகளில் நடக்கிற பேச்சு இது:

"தென்னை மட்டையெல்லாம் கரி அப்புன மாதிரி இருக்குதுங்க. இந்த மருந்து இருக்குங்களா?" என்று போனில் ஒரு படத்தைக் காட்டுவார் ஒரு தோப்புக்காரர்.

"ஓலையத் திருப்பிப் பாத்தீங்களாங்க?"

"இல்லீங்க."

அவர் தேடியது 'தென்னை ஓலை கருப்பு மருந்து'. இந்த நான்கு சொற்களுக்குள்ளேயே விடை முடிவாகிவிட்டது. 'கருப்பு' என்று போட்டதால் பூஞ்சணம் வரும், 'மருந்து' என்று போட்டதால் பூஞ்சணக் கொல்லி வரும். வந்த பதில் பொய்யும் இல்லை. ஓலை மேல் கருப்பாகப் படர்ந்திருப்பது பூஞ்சணம்தான், கரும்பூசணம் என்பார்கள். ஆனால் அது விருந்தாளி. வீட்டுக்காரன் மேல் அடுக்கு ஓலைகளின் அடிப்புறத்தில் உட்கார்ந்திருக்கிறான்: ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட வெளிநாட்டுப் பூச்சி. ஓலையின் அடியில் சுருள் சுருளாக, வெள்ளை மெழுகுப் பொடியோடு முட்டையிடும். சாற்றை உறிஞ்சித் தேன் மாதிரி ஒரு கழிவை வெளியேற்றும். அது சொட்டுச் சொட்டாகக் கீழ் ஓலைகளின் மேல்புறத்தில் விழும், அந்த இனிப்பில்தான் கரும்பூசணம் வளரும். மேலே பூஞ்சணக் கொல்லி அடித்தால் ஈ அப்படியே இருக்கும், கருப்பு திரும்பி வரும். "கேக்கலையே" என்று கடுமையான பூச்சிமருந்துக்குப் போனால், அந்த ஈயைத் தின்று அடக்கும் என்கார்சியா என்ற சின்னக் குளவி முதலில் செத்துப்போகும், ஈ இன்னும் பெருகும். வேளாண் துறையினர் சொல்வது வேறு வழி: விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி, என்கார்சியா கூட்டுப்புழு உள்ள ஓலைத் துண்டுகளைத் தோப்பில் கட்டிவிடுதல், கருப்பு படிந்த ஓலைக்கு மைதாப் பசைக் கரைசல். பசை வெயிலில் காய்ந்து உரியும்போது கருப்பும் சேர்ந்து பெயர்ந்து விழும்.

இதில் இணையத்தின் பிழை என்ன? பெரிதாக ஒன்றுமில்லை. கேள்வி அரைகுறையாகப் போனதால் பதிலும் அரைகுறையாக வந்தது. தேடுபொறிக்குத் தோப்பு தெரியாது, நீங்கள் கொடுத்த சொல் மட்டும்தான் தெரியும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டாலும் இதே கதைதான், பதில் இன்னும் வழவழப்பாக வரும் என்பது மட்டும் கூடுதல். ஆகவே அப்பாவுக்குச் சொல்லக்கூடிய முறை இது. போனை எடுக்கும் முன் மரத்தை மேலும் கீழுமாகப் பார்த்து, கண்ணால் கண்டது மூன்றைச் சொல்லட்டும்: எந்த ஓலை, ஓலையின் எந்தப் பக்கம், எத்தனை மரம். அடுத்து, 'இது என்னவாக இருக்கும்?' என்று இரண்டு யூகம். ஒன்று போதாது, ஒரே யூகம் இருந்தால் அதற்கு ஆதாரம் தேடவே மனம் ஓடும். அப்புறம் தேடும்போது 'மருந்து' என்ற சொல்லை விட்டுவிட்டு, கண்டதை மட்டும் போட வேண்டும்: 'தென்னை ஓலை மேல்புறம் கருப்பு அடிப்புறம் வெள்ளை'. தேடல் பெட்டியில் தீர்வைப் போடாதீர்கள், அறிகுறியைப் போடுங்கள். இது தென்னைக்கு மட்டுமல்ல, மோட்டார் சத்தத்துக்கும் முழங்கால் வலிக்கும் பொருந்தும். 'முழங்கால் வலி எண்ணெய்' என்று தேடினால் எண்ணெய்தான் வரும்.

கணக்கு சம்பந்தப்பட்ட இடத்தில் யூகத்தின் மதிப்பு இன்னும் கூடுதல். கிணற்றுக்கு எத்தனை எச்பி மோட்டார் என்று போனில் கேட்கிறோம் என்று வையுங்கள். தேவை வினாடிக்கு 5 லிட்டர். தண்ணீர் மட்டத்திலிருந்து தொட்டி வரை, குழாய் உராய்வையும் சேர்த்து மொத்த உயரம் 150 அடி, அதாவது சுமார் 45 மீட்டர். லிட்டரை மீட்டரால் பெருக்கி 75ஆல் வகுத்தால் தண்ணீரைத் தூக்க மட்டும் ஆகும் எச்பி கிடைக்கும்: 5 × 45 = 225, வகுத்தால் 3. பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனில் ஓடும் என்று வைத்தால் இரண்டு மடங்கு, 6. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 7.5. இது தோராயம்தான், கம்பெனி அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும். ஆனால் இந்த 6 தலையில் இருந்தால், போன் 3 என்று சொன்னதும் 'திறனைக் கணக்கில் எடுக்கவில்லை' என்று பிடிபடும். 20 என்று சொன்னால், அடியை மீட்டராகப் போட்டுவிட்டார்கள் என்று தெரியும். யூகம் இல்லாதவருக்கு 3, 7.5, 20 மூன்றும் ஒரே மாதிரி எண்கள், எது திரையில் வந்ததோ அது சரி.

உங்கள் கம்பெனியிலும் இதே பாடு. வட்டக் கட்டரில் வெட்டிய துணி 100 சதுர சென்டிமீட்டர், அதன் எடை 1.6 கிராம் என்றால் ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) 160. அந்தத் துணி ஒரு கிலோவுக்கு 6.25 சதுர மீட்டர் வரும், விரித்த அகலம் 1.8 மீட்டர் என்றால் நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். எக்செல் ஷீட் 35 மீட்டர் என்று காட்டினால் புள்ளி நழுவியிருக்கிறது. ஷீட்டைத் திறக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் யூக எண்ணை எழுதுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். ஒரு மாதம் செய்தால் யூகம் எந்த இடத்தில் வழக்கமாகத் தவறுகிறது என்பதே உங்களுக்குத் தெரிந்துவிடும். நம் முன்னோர் எண்சுவடியில் மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்கள் வரை ஒப்பித்ததற்குப் பயன் இதுதான், விடை தப்பாக வந்தால் காது உறுத்தும். அதற்காக இப்போது முந்திரி என்ற பின்னம் 320இல் ஒன்று என்று உருப்போட வேண்டியதில்லை, 16ஆம் வாய்ப்பாடு வரை தெரிந்தால் தாராளம்.

தம்பி விஷயத்தில்தான் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். படிக்கிற வயதில் விடை முக்கியமல்ல, விடைக்குப் போகும் வழி தலைக்குள் பதிவதுதான் முக்கியம். ரோடிகர், கார்ப்பிக் 2006இல் செய்த சோதனையில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள். யூடியூபில் தீர்வு பார்ப்பது அந்தத் திரும்பப் படிக்கும் வகை. வீடியோ ஓடும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், மறுநாள் தாளை எடுத்தால் முதல் வரி வராது. "பாத்தேன், புரிஞ்சுது, ஆனா வரமாட்டேங்குது" என்று அவன் சொன்னால் அது சோம்பேறித்தனம் அல்ல, முறைக் கோளாறு.

துருக்கியில் ஏறக்குறைய 1000 மேல்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, 2025இல் வெளியானது, இதை அப்பட்டமாகக் காட்டியது. கணிதப் பயிற்சியின்போது சாட்ஜிபிடி மாதிரியான கருவியைக் கொடுத்த வகுப்பில் பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. கருவியைப் பிடுங்கிக்கொண்டு பரீட்சை வைத்ததும், அதைத் தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி அமைத்த கருவியில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. ஆக, கருவியைத் தடை செய்வதைவிட அதை எப்படிக் கேட்பது என்று பழக்க வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். ஒரு கணக்குக்கு ஏழு நிமிடம், போன் அடுத்த அறையில். (மேசை மேல் அணைத்து வைத்த போனே கவனத்தைத் தின்னும் என்று 2017இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு வந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அடுத்த அறையில் வைப்பதால் நட்டமில்லை என்பதால் சொல்கிறேன்.) ஏழு நிமிடத்தில் வரவில்லை என்றால், எந்த இடத்தில் நின்றது என்று ஒரே வரி எழுத வேண்டும்: 'சாய்தளத்தில் உராய்வு விசை எந்தத் திசையில் என்று தெரியவில்லை' என்பது போல. 'புரியவில்லை' என்று எழுதினால் செல்லாது. அப்புறம் வீடியோவில் அந்த இடத்தை மட்டும் பார்க்க வேண்டும், அல்லது செயலியிடம் "விடை வேண்டாம், அடுத்த ஒரு படிக்குத் துப்பு மட்டும் கொடு" என்று கேட்க வேண்டும். பார்த்ததும் மூடிவிட்டு முதலிலிருந்து முழுக் கணக்கையும் கையால் போட வேண்டும். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. அந்த ஏழு நிமிடம் வீண் என்று நினைக்கக் கூடாது. முயன்று தோற்ற பிறகு பார்க்கும் விடை, நேராகப் பார்த்த விடையைவிட நன்றாக நிற்கும் என்பதை 2009இல் கார்னெல், ஹேஸ், பியார்க் மூவரும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். 2025 நீட் தேர்வில் 180 கேள்விக்கு 180 நிமிடம். நிமிடத்துக்கு ஒன்று என்கிற இடத்தில், தலைக்குள் இருப்பது மட்டும்தான் கை கொடுக்கும்.

வழக்கமாக நடக்கும் தவறையும் சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு கணக்கு முடித்த பையன், முதல் பத்து நாள் ஐந்துதான் முடிப்பான், வீட்டில் "முன்ன நல்லாப் படிச்சிட்டு இருந்தானே" என்பார்கள், அவனும் விட்டுவிடுவான். எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரு வாரத்துக்கு முன் போட்ட கணக்கை மூடிய நோட்டோடு கொடுத்துப் பாருங்கள், அதுதான் அளவுகோல்.

வழி காட்டும் மேப்புக்குப் பெரிய விளக்கம் வேண்டாம். திருப்பத்துக்குத் திருப்பம் குரலைக் கேட்டு ஓட்டினால் ஊர் மனதில் ஏறாது. பெருந்துறையிலிருந்து சென்னிமலை வழியாகக் காங்கேயம் போவதாக இருந்தால், கிளம்பும் முன் முழுப் பாதையையும் ஒருமுறை பார்த்து, சென்னிமலை எந்தக் கைப்பக்கம் வரும், எந்த இடத்தில் சாலை பிரியும் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, குரலை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி வளைவும் புலிகள் காப்பகமும் இரவுக் கட்டுப்பாடும் உள்ள பாதைக்கு மேப் காட்டும் நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், சத்தியமங்கலத்தில் டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்பது உத்தமம்.

வாட்ஸ்அப் செய்திகளில் மனம் ஏமாறும் விதம் வேறு. ஒரே வாக்கியத்தை மூன்று குழுவில் பார்த்தால் அது உண்மை மாதிரித் தோன்றத் தொடங்கும். 1977இலேயே இதைச் சோதித்துவிட்டார்கள், அப்போது இணையமே கிடையாது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வீடியோக்கள் பரவியபோது திருப்பூர் அதைக் கண்ணால் கண்டது. வேறு இடத்தில், வேறு காரணத்துக்கு நடந்த காட்சிகள். காவல்துறை பொய் என்று மறுத்தது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பிப் பார்த்தது. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ரயிலேறிவிட்டார்கள். இங்கே வீடியோவையே உற்றுப் பார்த்து உண்மை கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் வரலாற்று அறிஞர்களையும் மாணவர்களையும் தகவல் சரிபார்ப்பாளர்களையும் ஒப்பிட்டபோது, சரிபார்ப்பாளர்கள் சீக்கிரம் கண்டுபிடித்தது அந்தப் பக்கத்தை விட்டு உடனே வெளியே வந்து, 'இதைப் பற்றி வேறு யார் என்ன சொல்கிறார்கள்' என்று பார்த்ததால்தான். நடந்த ஊர் என்று சொல்லப்படும் ஊரில் உங்களுக்கு ஒரு பங்காளியோ மாமனோ இருப்பார், அவருக்குப் போன் போடுங்கள்.

எதைத் தலையில் வைப்பது, எதைப் போனுக்கு விடுவது என்றும் கேட்பீர்கள். ரயில் நேரம், மஞ்சள் விலை, பாஸ் மார்க், அரசாணை எண் போன்ற மாறிக்கொண்டே இருப்பவற்றைப் போனிலேயே பாருங்கள், மனதில் வைத்தால் பழையதை நம்பி ஏமாறுவீர்கள். அவரவர் தொழிலின் அடிப்படை எண்கள், பத்துப் பன்னிரண்டு, தலையில் இருக்க வேண்டும். வீட்டில் மூன்று பேரின் போன் எண், ஒவ்வொருவரின் ரத்த வகை, தாத்தாவுக்கு ஒவ்வாத மருந்தின் பெயர், இவையும் அப்படியே. போன் உடையும்போதும் சார்ஜ் தீரும்போதும்தான் இவை தேவைப்படும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள், மாதம் ஒருமுறை கதவைத் திறக்காமல் ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள்.